தேசியக் கொடி: நிறங்களுக்கு எது சரியான பொருள், பழுதான கொடியை என்ன செய்வது, கொடியின் பயன்தான் என்ன?

கேள்வி – கோவை அடுக்ககச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு இந்த ஆண்டு நான் செயலாளராக இருக்கிறேன். மொட்டை மாடியில் நிரந்தரமாக ஒரு கொடிக்கம்பம் நிறுத்தித் தேசியக் கொடியைப் பறக்கவிட்டு வருகிறோம். மழையிலும் வெயிலிலும் நின்று காவி நிறம் வெளுத்துவிட்டது; காற்றில் அடித்துக்கொள்ளும் ஓரத்தில் தையல் பிரிந்து, பச்சைப் பட்டை ஒரு சாண் அளவுக்குக் கிழிந்திருக்கிறது. புதிய கொடி வாங்கச் செயற்குழு ஒப்புதல் தந்துவிட்டது. பழைய கொடியை என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. மடித்துப் பீரோவில் வைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். ஆற்றில் விட்டுவிடலாம் என்கிறார் இன்னொருவர். எரிப்பதே முறை என்று மூன்றாமவர் சொல்ல, எரித்தால் சிறைத்தண்டனை என்று மற்றவர்கள் அஞ்சுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி பிள்ளைகள் சம்பந்தப்பட்டது. ஆகஸ்ட் 15 அன்று நடக்கும் பேச்சுப் போட்டிக்காகக் கொடியின் பொருளை எழுதி அறிவிப்புப் பலகையில் வைக்க விரும்புகிறோம். ஒரு பாடநூலில் காவி என்றால் வீரமும் தியாகமும் என்று இருக்கிறது. வேறொன்றில் பற்றின்மை என்று இருக்கிறது. பெற்றோர் ஒருவரோ, ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு மதத்தைக் குறிப்பதாகத் தாம் படித்திருப்பதாக உறுதியாகச் சொல்கிறார். எதை எழுதுவது?

மூன்றாவது, எங்கள் குடியிருப்பில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருவர் எழுப்பிய கேள்வி. உணர்ச்சியைத் தூண்டுவதைத் தவிரக் கொடிக்கு நடைமுறையில் ஏதேனும் வேலை உண்டா என்று கேட்டார். கூட்டத்தில் யாராலும் நிறைவான விடை சொல்ல முடியவில்லை. நல்ல கேள்வி என்பதால் அதையும் இங்கே முன்வைக்கிறேன்.


மறுமொழி 1 – ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மதுரை

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். இரண்டு பாடநூல்கள் சொல்வதற்கும் அந்தப் பெற்றோர் சொன்னதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அவை வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை, அவற்றில் காலத்தால் முந்தியதான சமய விளக்கம் பிற்பாடு கைவிடப்பட்டது. இதைக் கால வரிசைப்படி பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

1921இல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், காங்கிரஸ் கூடியபோது பிங்கலி வெங்கய்யா சிவப்பும் பச்சையும் கொண்ட ஒரு கொடியைக் காந்தியிடம் கொடுத்தார். அந்த இரு நிறங்களும் நாட்டின் இரு பெரிய சமயத்தாரைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டன. மற்ற சமயத்தாருக்காக வெள்ளையையும், எல்லோருக்கும் பொதுவாக இராட்டையையும் சேர்க்க வேண்டும் என்றார் காந்தி. அதன்படி அமைந்த கொடியில் வெள்ளை மேலேயும் பச்சை நடுவிலும் சிவப்பு கீழேயும் இருந்தன. அந்தப் பெற்றோர் படித்த விளக்கம் இந்தக் கட்டத்திலிருந்து வந்தது.

நிறத்தைச் சமயத்தோடு கட்டிவிட்டால் என்ன நேரும் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. எங்களுக்கு எந்த நிறம் என்று சீக்கியர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆகவே 1931இல் காங்கிரஸ் இதை ஆராய ஒரு குழு அமைத்தது. முழுவதும் காவி நிறத்தில் இராட்டையோடு கூடிய கொடியை அந்தக் குழு பரிந்துரைத்தது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. காவி, வெள்ளை, பச்சை என்னும் மூன்று பட்டைகளையே வரிசை மாற்றி ஏற்றுக்கொண்டு, இந்த நிறங்களுக்குச் சமயப் பொருள் கிடையாது என்றும் தெளிவாக அறிவித்தது. காவி வீரத்தையும் தியாகத்தையும், வெள்ளை உண்மையையும் அமைதியையும், பச்சை நம்பிக்கையையும் பெருந்தன்மையையும் குறிக்கும் என்று அப்போது சொல்லப்பட்டது. பெரும்பாலான பள்ளிப் புத்தகங்களில் இருப்பது ஏறக்குறைய இந்த 1931ஆம் ஆண்டு விளக்கம்தான்.

அடுத்தது 1947 ஜூலை 22. அரசியல் நிர்ணய சபையில் நேரு கொடித் தீர்மானத்தை முன்மொழிந்த நாள். ஆழ்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை ஆகிய மூன்றும் சம அகலத்தில் கிடைமட்டமாக இருக்க வேண்டும். வெள்ளைப் பட்டையின் நடுவே இராட்டையைக் குறிக்கும் வகையில் கருநீலச் சக்கரம் இருக்க வேண்டும். அந்தச் சக்கரத்தின் வடிவம் சாரநாத்தில் உள்ள அசோகரின் சிங்கத் தூண் தலைப்பில் காணப்படும் சக்கரத்தைப் போன்றிருக்க வேண்டும். அகலமும் நீளமும் 2:3 என்னும் விகிதத்தில் அமைய வேண்டும். தீர்மானத்தின் சாரம் இவ்வளவுதான். நிறத்துக்குப் பொருள் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. நிறங்களுக்குச் சமய அர்த்தம் எதையும் தாங்கள் கருதவில்லை என்று நேரு தம் உரையில் குறிப்பிட்டார். இந்த மௌனம் தற்செயலானதல்ல என்றும், அந்தத் தீர்மானத்தின் சிறப்பே அதில்தான் இருக்கிறது என்றும் நான் கருதுகிறேன். நாடு பிளவுபட்டுக்கொண்டிருந்த வாரங்களில் எழுதப்பட்ட தீர்மானம் அது. நிறத்தை யாருக்கும் பங்கிட்டுக் கொடுக்காமல் எல்லோருக்கும் பொதுவாக விட்டுவைத்தது.

இராட்டை ஏன் சக்கரமாக மாறியது என்பதற்கு நேரு சொன்ன காரணத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். இராட்டையில் ஒரு பக்கம் சக்கரமும் மறுபக்கம் கதிரும் இருக்கும். கொடியை மறுபுறத்திலிருந்து பார்த்தால் அது இடம்வலமாகத் திரும்பிவிடும். கொடி என்பது இரு புறமும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதால் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அன்று சபையில் அவர் காட்டிய இரண்டு கொடிகளில் ஒன்று பட்டிலும் மற்றொன்று பருத்திக் கதரிலும் செய்யப்பட்டவை.

அதே விவாதத்தில் பேசிய டாக்டர் ராதாகிருஷ்ணன்தான், தலைவர்களிடம் இருக்க வேண்டிய பற்றின்மையைக் காவி குறிக்கிறது, வாய்மையின் வழியில் செலுத்தும் ஒளியை வெள்ளை குறிக்கிறது, மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவைப் பச்சை குறிக்கிறது, சக்கரம் அறத்தையும் இயக்கத்தையும் குறிக்கிறது என்று விளக்கினார். உங்கள் இரண்டாவது பாடநூலின் மூலம் அந்த உரை. அது ஒரு பேரறிஞரின் விளக்கம், சட்டம் ஆகாது.

பலகையில் இரண்டு விளக்கங்களையும் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘1931, காங்கிரஸ்’ என்றும் ‘1947, ராதாகிருஷ்ணன் உரை’ என்றும் குறிப்பிடுங்கள். ஆண்டைச் சேர்த்துச் சொல்லும் பிள்ளைக்கு நடுவர்கள் கூடுதல் மதிப்பெண் தரலாம்.


மறுமொழி 2 – வழக்கறிஞர், சென்னை

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். கொடியை எரித்தால் சிறை என்ற அச்சம் பாதி சரி. 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதைக்கு இழிவு செய்வதைத் தடுக்கும் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரிப்பதும் சிதைப்பதும் மிதிப்பதும் மூன்றாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். ஆனால் பழுதான கொடியை முறைப்படி அழிப்பது அவமதிப்பு ஆகாது. விதிகளே அதைத்தான் செய்யச் சொல்கின்றன. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதிமுறைகள், கிழிந்த அல்லது அழுக்கடைந்த கொடியைத் தனி இடத்தில், முழுமையாக, எரித்தோ கொடியின் கண்ணியத்துக்கு ஏற்ற வேறு வழியிலோ அழிக்க வேண்டும் என்கின்றன. எரிப்பதையே முதலில் குறிப்பிடுகின்றன.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது எளிது. கொடியை மடித்து எடுத்துக்கொண்டு, செயற்குழுவில் இரண்டு மூன்று பேர் மட்டும், அடுக்ககத்தின் பின்புறம் வெளியார் பார்வை படாத இடத்தில், சுத்தமான பாத்திரம் ஒன்றில் வைத்து முழுவதுமாக எரித்துவிடுங்கள். படம் எடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். தனிமையில் செய்ததை நீங்களே பொதுவெளிக்குக் கொண்டுவந்தால் அதன் நோக்கம் கெடும், வீண் புகாருக்கும் இடமாகும். ஆற்றில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது எந்தப் படித்துறையில் ஒதுங்கி யார் காலில் மிதிபடும் என்று சொல்ல முடியாது. உங்கள் கொடி பாலியஸ்டராக இருந்தால் எரிக்கும்போது உருகிப் புகையும். அதனால் அதை வெள்ளைத் துணியில் சுற்றி மரியாதையோடு புதைப்பது நல்லது என்பது என் கருத்து. மடித்துப் பீரோவில் வைப்பதில் சட்டப்படி தவறில்லை; ஆனால் கிழிந்த கொடி திரும்பவும் கம்பத்தில் ஏறக் கூடாது, அதைப் பார்வைக்கு வைக்கவும் விதிகள் அனுமதிப்பதில்லை.

கொடியை மொட்டை மாடியில் நீங்கள் எல்லா நாளும் பறக்கவிட முடிவதற்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது என்பதையும் உறுப்பினர்கள் அறிய வேண்டும். 2002க்கு முன்பு குடியரசு நாள், சுதந்திர நாள் போன்ற குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே தனியார் தம் கட்டடங்களில் கொடியேற்ற முடியும். ராய்கட் தொழிற்சாலையில் தாம் ஏற்றிய கொடியை அதிகாரிகள் தடுத்ததை எதிர்த்து நவீன் ஜிண்டால் நீதிமன்றம் சென்றார். 1995இல் தில்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், மரியாதையோடும் கண்ணியத்தோடும் தேசியக் கொடியைப் பறக்கவிடுவது அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்து வெளிப்பாட்டு உரிமையில் அடங்கும், ஆயினும் அது கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று உறுதி செய்தது. நான் மதிக்கும் தீர்ப்புகளில் இது ஒன்று. கொடியை அரசாங்கத்தின் உடைமையாகக் கருதிய காலத்தை அது முடித்துவைத்தது.

புதிய கொடி ஏற்றும்போது கவனிக்க வேண்டிய சில உண்டு. காவி மேலே இருக்க வேண்டும். சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால், பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் காவி வர வேண்டும். அலங்காரம் செய்பவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். அதே கம்பத்தில் சங்கக் கொடியையோ வேறு கொடியையோ சேர்த்து ஏற்றக் கூடாது. கொடியின் மேல் எந்த எழுத்தும் இருக்கக் கூடாது. ஏற்றும்போது விறுவிறுப்பாக ஏற்றி, இறக்கும்போது மெதுவாக இறக்க வேண்டும். சிறப்பு நாட்களில் விரிப்பதற்கு முன் உள்ளே மலரிதழ்களை வைத்துக் கட்டுவதற்கு அனுமதி உண்டு. சூரியன் மறையும் முன் இறக்க வேண்டும் என்ற பழைய விதி 2022 ஜூலையில் திருத்தப்பட்டுவிட்டதால், வீடுகளில் இரவிலும் பறக்கலாம். பிள்ளைகளுக்குக் காகிதக் கொடி கொடுத்தால், விழா முடிந்ததும் ஒரு பெட்டி வைத்து அவற்றைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அவற்றைத் தரையில் எறிவதும் விதிமீறல்தான்.


மறுமொழி 3 – கப்பல் பணியாளர், தூத்துக்குடி

அந்தக் கல்லூரி மாணவியின் கேள்விக்குக் கடலில்தான் தெளிவான விடை இருக்கிறது. நிலத்தில் கொடி இல்லாவிட்டாலும் நாடு நாடாகவே இருக்கும். நடுக்கடலில் அப்படியல்ல. எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் இல்லாத நீரில் ஒரு கப்பல் செல்லும்போது, அதற்குள் எந்தச் சட்டம் செல்லும் என்பதை அதன் கொடி தீர்மானிக்கிறது.

ஐக்கிய நாடுகளின் 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கையின் 91ஆம் பிரிவு, ஒரு கப்பல் எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிட உரிமை பெற்றிருக்கிறதோ அந்த நாட்டைச் சேர்ந்தது என்கிறது. 92ஆம் பிரிவின்படி ஒரு கப்பல் ஒரே ஒரு நாட்டின் கொடியின் கீழ்தான் செல்ல முடியும். வசதிக்கு ஏற்ப இரண்டு கொடிகளை மாற்றி மாற்றிக் காட்டினால், எந்த நாட்டையும் சேராத கப்பலாகவே அது கருதப்படலாம். கப்பலில் ஒரு குற்றம் நடந்தால் விசாரிப்பது, கப்பல் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று சோதிப்பது, எங்களைப் போன்றவர்களின் சம்பளமும் ஓய்வு நேரமும் முறையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது ஆகிய பொறுப்புகள் அனைத்தும் கொடி நாட்டினுடையவை. கப்பலின் பின்பகுதியில் பெயருக்குக் கீழே பெயின்டில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர் அது பதிவான துறைமுகம். மன்ரோவியா என்று இருந்தால் லைபீரியா. மஜூரோ என்று இருந்தால் மார்ஷல் தீவுகள். உரிமையாளர் வேறு நாடு, பணியாளர்கள் வேறு நாடு, கொடி வேறு நாடு என்பது எங்கள் தொழிலில் சாதாரணம். வரியும் விதிகளும் இலகுவாக இருக்கும் நாட்டில் உரிமையாளர்கள் பதிவு செய்துகொள்கிறார்கள். கடற்கரையே இல்லாத மங்கோலியாவுக்கும் கப்பல் பதிவேடு இருக்கிறது.

இதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. சம்பளம் மாதக்கணக்கில் நின்றுபோய், உரிமையாளர் கைவிட்ட கப்பலில் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும்போது, முதலில் முறையிட வேண்டிய இடம் அவர்கள் ஒருநாளும் பார்த்திராத ஒரு கொடி நாடாக இருக்கிறது. கடல் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சம்பளத் தொகையைப் பார்ப்பதைப் போலவே, கப்பலின் கொடி எது என்பதையும் பார்க்க வேண்டும்.

கொடி எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு 2012 பிப்ரவரி 15 சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில், இத்தாலியக் கொடி தாங்கிய எண்ணெய்க் கப்பலான ‘என்ரிகா லெக்ஸி’யில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில், மீன்பிடிப் படகில் இருந்த இருவர் உயிரிழந்தனர், ஒருவர் கொல்லம் பகுதியையும் மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தையும் சேர்ந்தவர். கப்பல் தன் கொடியைத் தாங்கியது, வீரர்கள் தன் அரசுப் பணியில் இருந்தவர்கள், எனவே விசாரிக்கும் உரிமை தனக்கே என்று இத்தாலி வாதிட்டது. இறந்தவர்கள் தன் குடிமக்கள் என்று இந்தியா வாதிட்டது. சர்வதேசத் தீர்ப்பாயம் 2020இல் அந்த வீரர்களுக்கு அரசுப் பணியாளர் என்ற வகையில் விலக்குரிமை உண்டு என்றது; இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட பிறகு 2021இல் உச்ச நீதிமன்றம் இந்தியாவில் இருந்த வழக்குகளை முடித்துவைத்தது. இரண்டு குடும்பங்கள் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தன.

அன்றாடப் பழக்கத்தையும் சொல்கிறேன். வேற்று நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும்போது எங்கள் கப்பலின் கொடி பின்பகுதியில் பறக்கும். அந்த நாட்டின் கொடியை மரியாதைக்காக வலப்பக்கத்து மேல் கயிற்றில் ஏற்றுவோம். அதோடு முழு மஞ்சள் நிறக் கொடி ஒன்றையும் ஏற்றுவோம். கப்பலில் நோய் எதுவும் இல்லை, உள்ளே வர அனுமதி வேண்டும் என்று அதற்குப் பொருள். சுகாதார அனுமதி கிடைத்ததும் மஞ்சள் கொடி இறங்கிவிடும். மரியாதைக் கொடி தலைகீழாகவோ கிழிந்தோ இருந்தால் துறைமுக அதிகாரிகள் சும்மா விடமாட்டார்கள். அதனால் கொடிப் பெட்டியில் ஒவ்வொரு நாட்டுக் கொடியையும் தனித்தனியாக மடித்துப் பெயர் எழுதி வைத்திருப்போம். இந்தியாவில் பதிவான வணிகக் கப்பல்களில் நீங்கள் வெறும் மூவர்ணக் கொடியைக் காண மாட்டீர்கள். சிவப்புத் துணியின் மேல் மூலையில் மூவர்ணக் கொடி பதித்த கொடியே அவற்றுக்கு உரியது.


மறுமொழி 4 – கதர்க் கடை ஊழியர், திருப்பூர்

செயலாளர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். 2021 டிசம்பரில் விதியைத் திருத்தி, பாலியஸ்டர் துணிக்கும் இயந்திரத்தில் தயாரான கொடிக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். விலை குறைவு, மழைக்கும் தாங்கும் என்பதால் மொட்டை மாடிக்கு அதையே பலரும் வாங்குகிறார்கள். அதில் சட்டப்படி குறை எதுவும் இல்லை. ஆனாலும் சுதந்திர நாளிலும் குடியரசு நாளிலும் ஏற்றுவதற்கென்று ஒரு கதர்க் கொடியைத் தனியாக வாங்கி வையுங்கள். 1932 ஜனவரியில் எங்கள் ஊர் வீதியில் தடியடி பட்டு விழுந்த குமரன் கையில் இறுகப் பிடித்திருந்தது தடை செய்யப்பட்ட கொடி. அப்போது கதர் உடுத்துவதே ஒரு போராட்டமாக இருந்தது. இந்த ஊரில் கதர் விற்கும் எனக்கு, அந்தத் துணியும் அந்தக் கொடியும் வேறு வேறாகத் தோன்றுவதில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரங்களில் 1 என்ற எண்ணைப் பெற்றிருப்பது தேசியக் கொடிக்கான தரம். நூலின் எண்ணிக்கை, சாயத்தின் உறுதி, தையல் வரை அதில் வரையறுத்திருக்கிறார்கள். அந்தத் தரத்தில் கதர்க் கொடி தயாரிக்கும் இடங்களில் கர்நாடகத்தின் ஹுப்பள்ளி அருகே உள்ள பெங்கேரி பெயர்பெற்றது. கடையில் கொடியை வாங்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இரு புறமும் அச்சிட்ட சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் ஆரங்கள் இரட்டையாகத் தெரியும். ஆரங்கள் 24 இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மூன்று பட்டைகளும் ஒரே அகலமா என்று அளந்து பாருங்கள். மலிவான கொடிகளில் வெள்ளைப் பட்டை அகலமாகவும் சக்கரம் முட்டை வடிவிலும் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அளவில் 900க்கு 600 மில்லிமீட்டர் கொடி உங்கள் கம்பத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாகக் கொடியை இறக்கிவிடுங்கள். ஓரத்தில் ஒரு தையல் விட்டாலும் அன்றே தைத்துவிட்டால், இன்னும் பல மாதங்கள் உழைக்கும்.


கோவை அடுக்ககச் செயலாளர்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. கப்பல் பற்றிய மறுமொழியை அந்த மாணவிக்கு அனுப்பினேன். அதையே பேச்சுப் போட்டிக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார். வழக்கறிஞர் ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. எங்கள் அடுக்ககத்தைத் தொடங்கிய மூத்த உறுப்பினர் சென்ற வாரம் காலமானார். அவருக்கு மரியாதையாகக் கொடியை ஒரு நாள் அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள்.


மறுமொழி 5 – வழக்கறிஞர், சென்னை

அன்னாரது குடும்பத்தாருக்கு என் ஆழ்ந்த இரங்கல். தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட நாமாக முடிவு செய்ய இயலாது. அரசின் அறிவுறுத்தலின்படி அரசுக் கட்டடங்களில் இறக்கப்படும் நாட்களில் மட்டுமே மற்ற இடங்களிலும் அவ்வாறு செய்யலாம். அப்படியொரு நாள் வரும்போது, கொடியை நேராகப் பாதியில் நிறுத்தக் கூடாது; முதலில் கம்பத்தின் உச்சி வரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்கு ஏற்றிய பின்பே இறக்க வேண்டும். கொடியை உடல்மேல் போர்த்துவதும் அரசு, இராணுவ, மத்திய ஆயுதக் காவல் படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குகளுக்கு மட்டுமே உரியது. அங்கும் காவி தலைப்பக்கம் வருமாறு போர்த்தி, அடக்கத்துக்கோ தகனத்துக்கோ முன்பாக எடுத்துவிடுவார்கள். உங்கள் சங்கத்துக்கு எனத் தனிக் கொடி இருந்தால், அதை வேறு கம்பத்தில், தேசியக் கொடியை விட உயரம் குறைவாக, அரைக்கம்பத்தில் பறக்கவிட எந்தத் தடையும் இல்லை.